பழைய பிக்கப் வண்டியில் பிரேக்கை மேம்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1950-களிலிருந்து 1970-களின் கடைசி வரை வந்த, பின்சக்கரம் ஓட்டும் பிக்கப்களை மனதில் வைத்து எழுதியது இது. உதாரணத்துக்குச் செவர்லே சி10, ஃபோர்டு எஃப்-100 இரண்டும் அடிக்கடி வரும், அதிகம் பேர் கைவைக்கிற வண்டிகள் அவை என்பதால். உங்களுடையது வேறு வண்டி என்றால் போல்ட் அளவுகள் மாறும், ஹைட்ராலிக் கணக்கு மாறாது.

நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான் இருக்கிறது. டிஸ்க்குக்கு மாறியே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் டிரம் பிரேக் சக்கரத்தைப் பூட்டுகிற அளவுக்குப் பிடிக்கும். சக்கரம் பூட்டிய பிறகு வண்டியை நிறுத்துவது டயரும் சாலையும்தான். அதனால் குளிர்ந்த பிரேக்கில், காய்ந்த சாலையில், ஒரே ஒரு முறை அழுத்தி நிறுத்தும்போது டிஸ்க்குக்கும் டிரம்முக்கும் பலர் நினைக்கிற அளவு வித்தியாசம் வராது.

டிரம் சறுக்குகிற இடங்கள் வேறு. மலைப்பாதையில் இறங்கும்போது திரும்பத் திரும்ப மிதித்தால் டிரம் சூடாகி விரியும். விரிந்தால் உள்ளிருந்து அதை அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே கீழே போகும், ஷூவின் மேல் ஒட்டிய லைனிங்கும் சூட்டில் பிடியை இழக்கும். டிஸ்க் சூடானால் அதை இருபுறமும் கவ்வும் பேட் இருக்கும் பக்கம்தான் தடிக்கும், அதனால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. அடுத்தது தண்ணீர்: டிரம்முக்குள் போன ஈரம் காய நேரம் பிடிக்கும், டிஸ்க்கிலிருந்து சுழற்சியிலேயே தெறித்துப் போய்விடும். மூன்றாவது, இடது வலது ஷூ இடைவெளி கொஞ்சம் மாறினாலும் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊருக்குள் ஓட்டுகிற வண்டி என்றால் டிரம்மை ஒழுங்காகச் சரிசெய்து விட்டுவிடலாம். நெடுஞ்சாலை வேகம், மலை, பாரம், இன்ஜினை மாற்றிக் கூடுதல் குதிரைத்திறன் ஏற்றியது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் முன்பக்கம் டிஸ்க் போடுவதுதான் சரி.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றைத்தான் மாற்ற முடியும். எதை?

மாஸ்டர் சிலிண்டரை, அதாவது பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பாகத்தை. உங்கள் வண்டியில் இன்னும் ஒற்றை அறை மாஸ்டர் இருந்தால், வேறு எதைப் பற்றியும் யோசிக்கும் முன் இரட்டை அறை மாஸ்டருக்கு மாறுங்கள். டிஸ்க் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஒற்றை அறையில் நாலு சக்கரத்துக்கும் ஒரே ஆயில், ஒரே அழுத்தம். எங்கோ ஒரு மூலையில் ஒரு ஓஸ் வெடித்தாலோ, ஒரு வீல் சிலிண்டரின் (சக்கரத்தில் ஷூவைத் தள்ளும் சின்ன சிலிண்டர்) ரப்பர் கப் கிழிந்தாலோ, பெடல் நேராகத் தரையைத் தொடும், நாலு சக்கரத்திலும் பிரேக் போகும். முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. இரட்டை அறையில் முன்பக்கம் ஒரு சுற்று, பின்பக்கம் ஒரு சுற்று. ஒன்று போனாலும் மற்றது வேலை செய்யும். அமெரிக்க பிக்கப்களில் செவர்லேயும் ஃபோர்டும் 1967 மாடலில் இதற்கு மாறின. ஆகவே 1966 அல்லது அதற்கு முந்தைய வண்டி என்றால், யாரும் இடையில் மாற்றவில்லை என்றால், ஒற்றை அறைதான் இருக்கும். மூடியைத் திறந்து ஆயில் அறை ஒன்றா, இரண்டா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

பளபளப்பான டிஸ்க்கை முன்னால் மாட்டிவிட்டு ஒற்றை அறை மாஸ்டரை அப்படியே விட்ட வண்டிகள் ஏராளம். சக்கரத்தின் வழியே வெளியே தெரிவதில் செலவு செய்ய மனம் வருகிறது, தெரியாததில் வருவதில்லை.

இரட்டை அறை போட்டால், ஒரு சுற்று போனாலும் வண்டி வழக்கம்போல நிற்குமா?

நிற்காது. பெடல் வழக்கத்தைவிட வெகுவாகக் கீழே போகும், அதன்பிறகுதான் மீதிச் சுற்று பிடிக்கும். முன்சுற்று போனால் பின்சக்கரங்கள் மட்டும்தான் மிச்சம். பிரேக் போடும்போது எடை முன்னால் சாய்வதால், காலியாக ஓடும் பிக்கப்பில் அவற்றால் கிடைப்பது மிகக் குறைவு. ஓரங்கட்டும் வரை காப்பாற்றும், அவ்வளவுதான். ஒரு சுற்று போனால் எரியும் எச்சரிக்கை விளக்கின் சுவிட்சுக்கு வயர் கொடுக்க மறக்காதீர்கள். பலர் அதைச் சும்மா தொங்க விட்டுவிடுகிறார்கள்.

என் வண்டியில் மாஸ்டர் சிலிண்டர் கேபின் தரைக்கு அடியில் இருக்கிறது. அங்கேயே விடலாமா, மேலே ஏற்ற வேண்டுமா?

1950-களின் பல பிக்கப்களில் அப்படித்தான். தரையில் ஒரு சின்ன மூடியைத் திறந்து ஆயில் ஊற்ற வேண்டும். மூடியைத் திறக்கும்போது தரைவிரிப்பின் மண்ணும் கூடவே விழும். பார்க்கக் கடினமான இடத்தில் இருப்பதால் அளவு குறைவதை யாரும் கவனிப்பதில்லை.

இரண்டு வழியும் நடக்கும். தரைக்கு அடியிலேயே இரட்டை மாஸ்டரும் பூஸ்டரும் (கால் விசையைப் பெருக்கும் பாகம்) பொருந்தும் தாங்கிகள் கிடைக்கின்றன. வண்டியின் உள்தோற்றம் பழையபடியே இருக்க வேண்டும் என்றால் இது போதும். ஆனால் இரண்டு விஷயம் பாருங்கள். சைலன்சர் பைப் பக்கத்தில் ஓடினால் இடையில் வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும். அடுத்தது, டிஸ்க்கில் பேட்டை அழுத்தும் காலிப்பரைவிட மாஸ்டர் தாழ்வாக இருந்தால், பெடலை விட்டதும் ஆயில் மெல்லத் திரும்பி வடியும், அடுத்த மிதியில் பெடல் பாதி வரை வெறுமனே போகும். இதைத் தடுக்க டிஸ்க் சுற்றில் 2 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) ரெசிடுவல் வால்வு, அதாவது பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தங்கவைக்கும் வால்வு போடுவார்கள். டிரம் சுற்றுக்கு 10 பிஎஸ்ஐ. இரண்டையும் மாற்றிப் போட்டால், டிஸ்க்கில் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

ஃபயர்வாலில், அதாவது இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டில், தொங்கும் பெடலுக்கு மாற்றுவது கூடுதல் வேலைதான், தகட்டை வெட்டி வலுப்படுத்த வேண்டும். மெல்லிய பழைய தகட்டில் அப்படியே போல்ட் போட்டால், அழுத்தி மிதிக்கும்போது தகடே வளையும். ஒருவரை மிதிக்கச் சொல்லி வெளியே நின்று பாருங்கள், மாஸ்டர் அசைவது கண்ணுக்கே தெரியும். அப்படி அசைந்தால் உங்கள் கால் பலம் தகட்டை வளைக்கப் போகிறது, பிரேக்குக்குப் போகவில்லை.

மாஸ்டர் சிலிண்டரின் துளை அளவு எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்த வேலை முழுவதிலும் அதிகம் தவறாகிற இடம் இதுதான், அதனால் கணக்கோடு பார்ப்போம்.

பெடலில் 45 கிலோ விசை கொடுக்கிறீர்கள், பெடல் விகிதம் 6-க்கு 1, அதாவது பெடல் நெம்புகோல் விசையை ஆறு மடங்காக்குகிறது என்று வையுங்கள். மாஸ்டர் பிஸ்டனுக்குப் போவது 270 கிலோ. துளை 1 அங்குலம், அதாவது 25.4 மிமீ என்றால் அதன் பரப்பு 5.07 சதுர செ.மீ. அழுத்தம் சதுர செ.மீ-க்குச் சுமார் 53 கிலோ, பிஎஸ்ஐ கணக்கில் ஏறக்குறைய 755. அதே காலில், அதே பெடலில், துளையை 1⅛ அங்குலமாக்கினால் அழுத்தம் சுமார் 600 பிஎஸ்ஐ-க்கு இறங்கும். ⅞ அங்குலம் ஆக்கினால் 990-க்கு ஏறும்.

அப்படியானால் சின்னத் துளையே நல்லது என்று தோன்றும். ஆனால் சின்னத் துளை ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் தள்ளும் ஆயிலும் குறைவு. 1 அங்குலத் துளை தள்ளும் அதே அளவு ஆயிலைத் தள்ள, ⅞ அங்குலத் துளை முப்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக நகர வேண்டும். காலிப்பர் பெரிதாக இருந்தால் பெடல் தரையைத் தொட்ட பிறகும் ஆயில் போதாது. ஆக, கால் பலம் ஒரு பக்கம், பெடல் நகர்வு ஒரு பக்கம், நடுவில் ஒரு அளவு.

பொதுவாக முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், பூஸ்டர் இல்லை என்றால் 1 அங்குலம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. பூஸ்டர் உண்டு என்றால் 1⅛. "பெரிய வண்டி, அதனால் பெரிய மாஸ்டர்" என்று பூஸ்டர் இல்லாமல் 1⅛ போட்டவர்கள்தான், டிஸ்க் மாற்றியும் சுவரை மிதிப்பதுபோல் இருக்கிறது, வண்டி நிற்கவில்லை என்று வருவார்கள். அவர்களுடைய டிஸ்க்கில் குற்றம் எதுவும் இல்லை.

அப்படியே டிரம்முக்கான மாஸ்டரை வைத்து டிஸ்க்கை ஓட்டக்கூடாதா? இரட்டை அறைதானே?

கூடாது. டிஸ்க் காலிப்பரின் பிஸ்டன் பெரிது, பேட் தேயத் தேய அதற்குப் பின்னால் ஆயில் நிரம்பிக்கொண்டே போகும். டிரம்முக்கான மாஸ்டரில் அறை சின்னது, பேட் பாதி தேய்வதற்குள் அறை காலியாகிவிடலாம். தவிர, டிரம் மாஸ்டர் பலவற்றில் வெளிவாசலிலேயே ரெசிடுவல் வால்வு உள்ளே மறைந்திருக்கும், அது டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். டிஸ்க்–டிரம் மாஸ்டரில் ஒரு அறை பெரிதாக இருக்கும். அது டிஸ்க்குக்கு உரியது.

பூஸ்டர் அவசியமா?

டிரம் பிரேக்கில் ஒரு வசதி உண்டு. சுழலும் டிரம்மே ஷூவை இழுத்துத் தன்மேல் அழுத்திக்கொள்ளும். பழைய பிக்கப்களில் உள்ள டிரம் அமைப்பில் முன் ஷூ பின் ஷூவையும் தள்ளும். அதனால்தான் பூஸ்டர் இல்லாமலே அந்தக் கனமான வண்டிகள் நின்றன. டிஸ்க்குக்கு இந்த உதவி கிடையாது, கால் கொடுப்பதுதான் கணக்கு. ஆகவே டிஸ்க்குக்கு மாறியதும் அதிக அழுத்தம் தேவை. அதை பெடல் விகிதமும் சின்னத் துளையும் கொடுக்கலாம், அல்லது பூஸ்டர் கொடுக்கலாம்.

பூஸ்டர் இல்லாத வண்டிக்குப் பெடல் விகிதம் 6-க்கு 1 சுற்றி இருக்க வேண்டும், பூஸ்டர் உள்ளதற்கு 4-க்கு 1 சுற்றி. அளப்பது எளிது: பெடல் தொங்கும் முனையிலிருந்து கால் வைக்கும் இடத்தின் நடு வரை உள்ள தூரத்தை, அதே முனையிலிருந்து தள்ளுகோல் மாட்டும் துளை வரை உள்ள தூரத்தால் வகுங்கள். 6-க்கு 1 பெடலில் பூஸ்டரையும் மாட்டினால், கால் பட்டதும் முகம் கண்ணாடியில் மோதும் அளவுக்குக் கடித்துப் பிடிக்கும். நகர்வும் நீளமாகிவிடும்.

இன்னொன்று, வேக்குவம் பூஸ்டருக்கு இன்ஜின் ஐடிலில் 18 அங்குல பாதரச அளவு வேக்குவமாவது இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பந்தயக் கேம் (இன்ஜின் வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு ஐடிலில் குதித்துக்கொண்டு ஓடும் இன்ஜினில் அது கிடைக்காது. கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் மின்சார வேக்குவம் பம்பு ஒரு வழி. பவர் ஸ்டீயரிங் பம்பின் அழுத்தத்தில் ஓடும் ஹைட்ரோபூஸ்ட் இன்னொரு வழி, என் ஓட்டு இதற்குத்தான். அளவில் சின்னது, உதவி அதிகம், இன்ஜின் வேக்குவத்தை நம்பி இல்லை. செலவும் பைப் வேலையும் கூடுதல்.

பூஸ்டர் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இன்ஜினை நிறுத்திவிட்டு பெடல் இறுகும் வரை நாலைந்து முறை மிதியுங்கள். இறுகிய பெடலை அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் உள்ளே இறங்கினால் பூஸ்டர் சரி. இறங்கவே இல்லை என்றால் வேக்குவம் ஓஸ், அதன் செக் வால்வு, கடைசியாகப் பூஸ்டர், இந்த வரிசையில் தேடுங்கள்.

தள்ளுகோல் விஷயத்தில் கவனமாக இருக்கச் சொல்கிறார்களே, ஏன்?

இரண்டு காரணம், இரண்டுமே ஆபத்து.

பூஸ்டருக்கும் மாஸ்டருக்கும் நடுவில் உள்ள கோல் மிக நீளமாக இருந்தால், பெடலில் கால் இல்லாதபோதும் மாஸ்டர் பிஸ்டன் முழுதாகத் திரும்பி வராது. ஆயில் அறைக்குத் திரும்பும் சின்னத் துவாரம் மூடியே இருக்கும். ஓடும்போது ஆயில் சூடாகி விரியும், திரும்ப வழியில்லை, பிரேக் தானாகவே பிடிக்க ஆரம்பிக்கும், இன்னும் சூடாகும், கடைசியில் சக்கரம் இறுகி நிற்கும். அரை மில்லிமீட்டர் போல இடைவெளி விட்டால் போதும். கோல் மிகக் குட்டையாக இருந்தால் இந்த ஆபத்து இல்லை, பெடலில் வெற்று ஆட்டம் மட்டும் அதிகமாகும்.

இரண்டாவது, பூஸ்டர் இல்லாத வண்டிக்கான மாஸ்டரில் பிஸ்டனின் பின்புறக் குழி ஆழமாக இருக்கும். பெடலிலிருந்து வரும் கோல் அதற்குள் உட்கார்ந்து, வெளியே வராமல் நிற்கும். பூஸ்டருக்கான மாஸ்டரில் அந்தக் குழி ஆழமில்லை. அதை பூஸ்டர் இல்லாமல் நேரடியாக மாட்டினால் கோல் நழுவி விழுந்துவிடலாம். விழுந்தால் பெடலுக்கும் பிரேக்குக்கும் சம்பந்தமே இல்லை. வாங்கும்போதே குழியில் விரலை விட்டுப் பாருங்கள்.

முன் டிஸ்க் எங்கிருந்து எடுப்பது? கிட் வாங்கவா, பழைய வண்டியின் பாகமா?

சி10-ல் 1971-லிருந்து முன்னால் டிஸ்க் சாதாரணமாகவே வந்தது. அதே தலைமுறையின் 1967–70 வண்டி உங்களுடையது என்றால், பிந்தைய வண்டியின் ஸ்பிண்டிலும் (சக்கரம் சுழலும் அச்சு) காலிப்பரும் ரோட்டரும் (டிஸ்க் தட்டு) அப்படியே ஏறும் வழி பலரும் போய்ப் பழகிய பாதை. எஃப்-100-க்கு 1973-ல் வந்த தலைமுறையின் டிஸ்க் பாகங்களைத்தான் பலரும் முந்தைய வண்டிகளுக்கு எடுக்கிறார்கள். கம்பெனி பாகத்தின் லாபம், பத்து வருடம் கழித்துப் பேட் தேய்ந்தாலும் எந்தக் கடையிலும் கிடைக்கும் என்பது. கிட்டின் லாபம், எல்லாம் புதிது, ஒரே பெட்டியில் வரும். கிட் வாங்கினால் அதில் உள்ள ரோட்டர், காலிப்பர், பேட், பேரிங் ஒவ்வொன்றும் எந்த வண்டியுடையது என்ற பட்டியலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தர மறுத்தால் அந்த கிட் வேண்டாம்.

சக்கரம் பொருந்துமா என்று முதலிலேயே பாருங்கள். 1970 வரை சி10-க்கு 6 போல்ட், வட்டம் 5½ அங்குலம். 1971-லிருந்து பின்சக்கரம் மட்டும் ஓட்டும் வண்டிக்கு 5 போல்ட், வட்டம் 5 அங்குலம். எஃப்-100-க்கு 5 போல்ட், 5½ அங்குலம். முன்னால் ஐந்து போல்ட் டிஸ்க் போட்டுவிட்டுப் பின்னால் ஆறு போல்ட் ஆக்சிலை விட்டால் ஸ்டெப்னி இரண்டு வேண்டும். அழகான பழைய 14 அங்குலச் சக்கரம் காலிப்பரில் இடிக்க வாய்ப்பு அதிகம், 15 அங்குலம் பெரும்பாலும் ஏறும். சில கிட்கள் சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளும். அகலமான டயர் என்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்கார்டில் உரசும்.

பின்னாலும் டிஸ்க் போடலாமா?

போடலாம், ஆனால் பெரும்பாலான பிக்கப்களுக்கு அது காசைக் கரைக்கும் வேலை. காலியாக ஓடும்போது பின்பக்கம் லேசு, அங்கே இருக்கும் பிரேக்கே அதிகம் என்பதுதான் பிக்கப்பின் பழைய பிரச்சினை. தவிர, டிரம்மில் ஹேண்ட் பிரேக் எளிது, கெட்டியாகவும் பிடிக்கும். பின் டிஸ்க்கில் ஹேண்ட் பிரேக்குக்குத் தனி ஏற்பாடு வேண்டும். காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் உள்ள வகை, அடிக்கடி இழுத்து விடாவிட்டால் தானாகச் சரிசெய்துகொள்ளும் வேலையை நிறுத்திவிடும், அப்புறம் பெடலும் கீழே போகும். தரையில் சமமாக நிற்கும் வண்டிக்கு மட்டும்தான் ஹேண்ட் பிரேக் வேண்டாம் என்று நினைக்கலாம். மாஸ்டர் பழுதானால் கடைசியில் கையில் மிஞ்சுவதும் அதுதான்.

பின் டிரம்மை அவிழ்த்து, வீல் சிலிண்டர், ஸ்பிரிங், ஷூ எல்லாம் புதிதாகப் போட்டு, இடைவெளியைச் சரியாக வையுங்கள். குட்டை லைனிங் உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்த்து, நீள லைனிங் பின்பக்கம். மாற்றி மாட்டுவது சர்வ சாதாரணம். டிரம்மில் பொறித்திருக்கும் அதிகபட்ச விட்டத்தைத் தாண்டியிருந்தால் கடைசல் பிடிக்காமல் புதிது வாங்குங்கள்.

புரொபோர்ஷனிங் வால்வு என்றால் என்ன, எனக்குத் தேவையா?

முன் டிஸ்க், பின் டிரம் என்றால் தேவை. இரண்டும் ஒரே அழுத்தத்தில் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. அழுத்திப் பிடிக்கும்போது எடை முன்னால் போய், பின்சக்கரம் தரையில் லேசாகிவிடும். அப்போது பின் டிரம் முழு அழுத்தமும் வாங்கினால் முதலில் பின்சக்கரம் பூட்டும், வண்டியின் வால் ஒரு பக்கம் சுற்றிக்கொண்டு வரும். முன்சக்கரம் பூட்டினால் வண்டி நேராகச் சறுக்கும், அது இரண்டில் குறைந்த கெடுதல். எனவே குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பின்பக்கம் ஏறும் வேகத்தை இந்த வால்வு குறைக்கிறது.

கம்பெனி வண்டிகளில் பித்தளைக் கட்டியாக வரும் காம்பினேஷன் வால்வில் மூன்று வேலை உண்டு. பின்பக்கத்தைக் குறைப்பது ஒன்று. பின் ஷூ ஸ்பிரிங்கை வென்று டிரம்மைத் தொடும் வரை முன் டிஸ்க்கைச் சற்றுத் தாமதப்படுத்துவது இன்னொன்று. ஏதாவது ஒரு சுற்றில் அழுத்தம் போனால் விளக்கு எரிவது மூன்றாவது. அது ஒரு குறிப்பிட்ட வண்டியின் எடைக்கும் பிரேக்குக்கும் அமைத்தது. உங்களுடையது பல வண்டிகளின் பாகம் கலந்தது என்றால், திருகிச் சரிசெய்யும் வால்வைப் பின் சுற்றில் போடுவது மேல். ஆனால் ஒரே சுற்றில் இரண்டு குறைப்பு வால்வு ஒன்றன் பின் ஒன்றாக வேண்டாம்.

அமைப்பது இப்படி: ஆளில்லாத, காய்ந்த, அகலமான இடத்தில், காலி வண்டியில், குறைந்த வேகத்தில் ஆரம்பித்து அழுத்திப் பிடியுங்கள். வெளியே ஒருவர் நின்று எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று பார்க்கட்டும். பின்சக்கரம் முந்தினால் வால்வை அழுத்தம் குறையும் பக்கம் திருகுங்கள். முன்சக்கரம் ஒரு நூலிழை முந்தும்போது நிறுத்துங்கள். பின்னால் பாரம் ஏற்றினால் பின் பிரேக் தேவைக்குக் குறைவாகத்தான் இருக்கும், அதற்காக வால்வைத் திறந்துவிட்டு, இறக்கிய பிறகு திருப்பி மூட மறப்பதைவிட, பாரத்தோடு நிதானமாக ஓட்டுவது நல்லது.

பழைய இரும்புப் பைப்பையே வைத்துக்கொள்ளலாமா?

வெளியே நன்றாகத் தெரிந்தாலும் ஐம்பது வருடப் பைப் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கும். அழுத்தத்தை ஏற்றப் போகிறீர்கள், மாற்றிவிடுங்கள். செப்பு–நிக்கல் கலவைப் பைப் கையால் வளையும், துருப்பிடிக்காது, எனக்கு அதுதான் பிடிக்கும். வெறும் செப்புப் பைப் வேண்டாம், அதிர்வில் இறுகி வெடிக்கும். முனையை இரட்டை மடிப்பாகத்தான் விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிரேக்குக்கு ஆகாது. தண்ணீர்ப் பைப் மாதிரி வளையம் வைத்து இறுக்கும் கம்ப்ரஷன் இணைப்பு பிரேக்கில் எங்குமே கூடாது, தற்காலிகமாகக்கூட.

ரப்பர் ஓஸ்களும் அதே நாளில் மாறட்டும். பழைய ஓஸ் உள்ளே வீங்கி ஒருவழி வால்வு போல ஆகிவிடும். அழுத்தத்தை உள்ளே விடும், வெளியே விடாது. ஒரு சக்கரம் மட்டும் சூடாகிறது என்றால் காலிப்பரைக் குறை சொல்லும் முன் ஓஸைச் சந்தேகப்படுங்கள்.

எந்த பிரேக் ஆயில்?

டாட் 3 அல்லது டாட் 4. புதிதாக இருக்கும்போது டாட் 3 குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும், டாட் 4 குறைந்தது 230. காற்றின் ஈரத்தை உறிஞ்சிய பின் தாங்க வேண்டிய அளவு முறையே 140, 155. அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். கொதித்தால் பைப்புக்குள் ஆவி, பெடல் தரையில்.

டாட் 5 சிலிக்கான் வகை. பெயிண்டை அரிக்காது, ஈரம் உறிஞ்சாது என்பதால் காட்சிக்கு வைக்கும் வண்டிக்காரர்களுக்குப் பிடிக்கும். மற்ற வகைகளோடு கலக்கவே கூடாது, காற்றுக் குமிழை எளிதில் விடாது, பெடல் கொஞ்சம் மெத்தென்றே இருக்கும். டாட் 5.1 பெயரைப் பார்த்து அதன் தம்பி என்று நினைக்க வேண்டாம், அது டாட் 3, 4 குடும்பம்.

எத்தனை முறை ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கிறது. ஏன்?

முதலில் காலிப்பரைப் பாருங்கள். காற்றை வெளியே விடும் பிளீடர் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா? இடதும் வலதும் மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வரும், காற்று மேலேயே தங்கும், ஒரு டின் ஆயிலைத் தீர்த்தாலும் போகாது. தேடும் முன்பு பார்க்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

அது சரி என்றால், மாஸ்டரை வண்டியில் ஏற்றும் முன் வைஸில் பிடித்து, வாசல் இரண்டிலிருந்தும் சின்னக் குழாயை அதன் அறைக்கே திருப்பிவிட்டு, குமிழ் நிற்கும் வரை மெதுவாகத் தள்ளினீர்களா? இதை விட்டால் மாஸ்டருக்குள் காற்று தங்கும். அப்புறம் மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் ஆரம்பித்து கிட்ட வாருங்கள்: இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் வலது பின், இடது பின், வலது முன், இடது முன். ஏர் எடுக்கும்போது பழைய மாஸ்டரில் பெடலைத் தரை வரை மிதிக்காதீர்கள். வழக்கமாக பிஸ்டன் போகாத இடத்தில் உள்ள துரு, கப்பைக் கிழிக்கும்.

இன்னும் மெத்தென்று இருந்தால், பின் டிரம் இடைவெளி அதிகம் இருக்கலாம். ஷூவை டிரம்மில் லேசாக உரசும் வரை ஏற்றிப் பாருங்கள். பெடல் கீழே இருப்பதற்குக் காற்றைவிட இதுவே அடிக்கடி காரணம். மெத்தென்று இல்லாமல், மெதுவாகத் தானே கீழே இறங்குகிறது என்றால் மாஸ்டருக்குள் கப் கசிகிறது.

பழைய டிரம்மைக் கழற்றும்போது வரும் தூசி ஆபத்தா?

ஆம். அந்தக் கால லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. கம்ப்ரஸர் காற்றால் ஊதவே வேண்டாம். ஈரமாக்கித் துடையுங்கள், துணியைக் கட்டி எறியுங்கள், தூசியை வடிகட்டும் முகக்கவசம் போடுங்கள்.

எல்லாம் மாற்றியாயிற்று. முதல் நாள் எப்படி ஓட்டுவது?

நகரும் முன் பெடலைப் பலமுறை மிதித்து பேட் ரோட்டரைத் தொடவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் மிதி வெறுமையாகப் போகும். ஜாக்கியில் நிற்கும்போதே ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்க, எல்லா இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். புது ரோட்டரில் இருக்கும் எண்ணெய்ப் பூச்சைப் பிரேக் கிளீனரால் துடைத்தீர்களா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். அந்த எண்ணெய் பேட்டில் ஏறினால் பேட்டைத் தூக்கி எறிய வேண்டியதுதான்.

பிறகு ஆளில்லாத சாலையில், நடுத்தர வேகத்திலிருந்து முழுக்க நிறுத்தாமல் வேகத்தைக் குறைத்து, ஆறவிட்டு, மறுபடி குறைத்து, இப்படிப் பல முறை. சூடான பேட்டை அழுத்திப் பிடித்தபடி நின்றுவிடாதீர்கள், அந்த இடத்தில் ரோட்டரில் தடம் விழுந்து அப்புறம் பெடல் துடிக்கும். திரும்பி வந்ததும் நாலு சக்கரத்தின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இடது வலது சூடு ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் ஆயில் அளவையும் மறுபடி பாருங்கள்.

பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது, ஆனால் பிரேக் நன்றாகப் பிடிக்கிறது.

ஏர் எடுக்கும்போது காம்பினேஷன் வால்வுக்குள் உள்ள சின்ன பிஸ்டன் ஒரு பக்கம் நகர்ந்திருக்கும். சில வால்வில் ஒருமுறை அழுத்தி மிதித்தால் நடுவுக்கு வரும். சிலவற்றில் எதிர்ப்பக்கச் சுற்றின் நிப்பிளைத் திறந்து மெல்ல மிதித்து நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதும் அணையவில்லை என்றால் கசிவைத் தேடுங்கள், பல்பைக் கழற்றாதீர்கள்.

டிரெய்லர் இழுக்கிறேன். டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் பைப்பை மாஸ்டரில் கோத்துக்கொள்ளலாமா?

பழைய வகைக் கன்ட்ரோலர் சில அப்படித்தான், பிரேக் பைப்பிலிருந்து ஒரு கிளை எடுக்கும். வேண்டாம். கசிய இன்னொரு இடம், காற்று தங்க இன்னொரு மூலை. வண்டி வேகம் குறைவதைத் தானே உணர்ந்து டிரெய்லருக்கு மின்சாரம் அனுப்பும் கன்ட்ரோலர் வாங்குங்கள். அதற்கு பிரேக் லைட் சுவிட்சிலிருந்து ஒரு வயர் போதும், ஆயில் பக்கமே போக வேண்டியதில்லை.